திரியாத பாலைத் திருப்பி அனுப்பிய கார்த்திகை

போன மாதம் ஒரு சாயங்காலம், நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த பால் குளிரூட்டும் நிலையத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். இப்போது அங்கே லேபில் இருப்பவர்கள். ஒரு மடக்குப் பாலை உறிஞ்சி அரை நிமிஷத்தில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று திரையில் காட்டும் மெஷின் வந்த பிறகு சேர்ந்த பிள்ளைகள். ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த என் பழைய சேலைகளைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்குச் சிரிக்க வரவில்லை.

"எக்கா, வெளிநாட்டுப் பால் சாமானுக்கெல்லாம் கதவைத் தொறந்து விடப் போறாவன்னு டிவியில ஒரு பக்கம் சொல்லுதாவ. விட மாட்டோம்னு இன்னொரு பக்கம் சொல்லுதாவ. வந்துட்டா நம்ம ரூட்டுப் பாலு என்னாகும்?" என்று மூத்தவள் கேட்டாள்.

வரி, ஒப்பந்தம் இதெல்லாம் எனக்குப் புரியாது. ஆனால் முன்பு ஒரு தடவை அப்படி வந்தது. வந்தபோது சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு பங்கு என் கையால் நடந்தது. அதை அவர்களிடம் சொன்னேன். போகும்போது இளையவள், "இத எழுதி வைங்கக்கா" என்றாள். எழுதுகிறேன்.

நான் வேதியியல் படித்தவள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, வீட்டுக்காரரின் விசைத்தறி இரண்டும் பாதி நாள் ஓடாமல் நின்றதால் வேலை தேடினேன். தனியார் பால் கம்பெனி ஒன்று ஊருக்கு வெளியே குளிரூட்டும் நிலையம் தொடங்கியிருந்தது. கிராமங்களிலிருந்து வரும் பாலைச் சோதித்து, குளிரவைத்து, டேங்கரில் ஏற்றிப் பெரிய பிளாண்டுக்கு அனுப்புவதுதான் அங்கே வேலை. பெரிய பிளாண்டில் பாக்கெட் போட்டது போக மிஞ்சுவதைப் பவுடராக்குவார்கள். ஆறு மாதம் பயிற்சி என்றார்கள். ஆறு வாரத்தில் தனியாக விட்டுவிட்டார்கள்.

மேனேஜர் பெயர் குற்றாலிங்கம். தென்காசிப் பக்கத்துக்காரர். கேன் கழுவுகிற ஆளைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். காலை ஐந்தரைக்கு வந்துவிடுவார். பால் இறங்கி முடியும் வரை காப்பி குடிக்க மாட்டார், வெற்றிலை தொட மாட்டார், நெற்றியில் சந்தனம்கூட வைத்துக்கொள்ள மாட்டார். மூக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். கேனின் மூடியைத் திறந்ததும் பாலை மோந்து பார்க்கக் கூடாது, மூடியைத்தான் மோக்க வேண்டும். வழியெல்லாம் பாலின் வாடை மேலே ஏறி மூடியின் உட்புறத்தில்தான் தங்கியிருக்கும். அவர் மூடியைத் திறப்பார், முகத்தருகே கொண்டுபோவார், கண்ணை ஒரு நொடி மூடுவார், அடுத்த கேனுக்கு நகர்வார். நாற்பது கேனுக்கு நாற்பது தடவை கண்ணை மூடுவார். மாட்டுக்குப் போட்ட தீவனம், மடியில் நோய், கேனைக் கழுவாத சோம்பேறித்தனம் எல்லாம் அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் சேர்ந்த முதல் வாரம் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் வந்தவர் இரண்டு அடி தள்ளி நின்றார்.

"எஸ்தரம்மா, பூவை எட்டு மணிக்குப் பொறவு வச்சுக்கிடலாமா? இப்ப எல்லாக் கேனும் மல்லியப்பூவா மணக்கு."

அவ்வளவுதான். அதன்பிறகு முப்பத்தோரு வருஷமும் எட்டு மணி வரை என் பூ ஒரு எவர்சில்வர் டம்ளரில்தான் இருந்தது.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வார்த்தை, "கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க." பெரிய வீட்டுப் பாலா, மேலாபீஸுக்குத் தெரிந்தவர் பாலா என்று பார்க்கக் கூடாது. சோதனைக் குழாயில் தெரிந்ததை எழுத வேண்டும்.

மூடியை மோந்த பிறகு என் வேலை தொடங்கும். கலக்கியை விட்டுக் கேனின் அடி வரை கலக்கி, கரண்டியில் கொஞ்சம் எடுப்பேன். ஒரு சின்னக் குழாயில் ஐந்து மில்லி பால், அதே அளவு ஆல்கஹால். மூடிக் குலுக்கிக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பால் வழவழவென்று வழிந்தால் நல்ல பால். கண்ணாடியில் குருணை குருணையாக ஒட்டினால் புளிக்கத் தொடங்கிய பால், இல்லையென்றால் மடிநோய் வந்த மாட்டின் பால். சந்தேகம் வந்தால் வேறொரு குழாயில் கொதிக்க வைத்துப் பார்ப்போம். திரிந்தால் கேனின் கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த ஆல்கஹால் எப்போதும் நூற்றுக்கு அறுபத்தெட்டு என்ற அளவில் இருக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் நான்தான் அதை வடித்த தண்ணீரோடு கலந்து, ஒரு வாரத்துக்கான பாட்டிலை நிரப்பி வைப்பேன். கிராமத்து ஆட்கள் இதைச் 'சாராய டெஸ்ட்' என்பார்கள்.

நான் சொல்ல வந்த கார்த்திகையில் எனக்கு அங்கே ஒன்பது வருஷ அனுபவம். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காட்டிலெல்லாம் வரப்பு தெரியாமல் புல். பச்சை கண்ட மாடுகள் பாலைக் கொட்டின. நான்கு கேன் வந்த ஊரிலிருந்து ஆறு கேன் வந்தது. மக்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அதே சமயத்தில்தான் வெளிநாட்டுப் பால் பவுடருக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருந்தார்கள். அந்த நாடுகளில் அரசாங்கமே மாட்டுக்காரர்களுக்குக் கைகொடுக்கிறது, அதனால் அவர்களால் மலிவாகத் தர முடிகிறது என்று டேங்கர் டிரைவர் சொன்னார். ஐஸ்கிரீம் போடுகிறவர்கள், பிஸ்கட் போடுகிறவர்கள் எல்லோரும் கப்பலில் வந்த மூட்டைக்கு மாறிவிட்டார்கள். எங்கள் கம்பெனியின் பவுடர் குடோனில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. பவுடர் போகவில்லை என்றால் மிஞ்சிய பாலுக்கு வேலை இல்லை. இதெல்லாம் அன்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் காதில் விழுந்தது. பவுடருக்கும் எங்களுக்குப் பால் வரும் பனவடலிசத்திரத்து மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை நான் லேபுக்குள் நுழைந்தபோது ஆல்கஹால் பாட்டில் நிரம்பியிருந்தது.

"நானே கலந்து வச்சுட்டேன், எஸ்தரம்மா. உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார் குற்றாலிங்கம் சார். நான் சந்தோஷமாக நன்றி சொன்னேன்.

அன்றைக்கு எட்டுக் கேன் திரிந்தது. ஒரு மாதத்தில் எட்டுக் கேன் திரிவதே அதிகம். மறுநாள் பதினொன்று. தூரத்து ஊர்ப் பால்தான் கூடுதலாகத் திரிந்தது. மழைக்காலம், ஈரத்தீவனம், கேனைச் சரியாகக் கழுவவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சார் மூடிகளை மோந்தார். கண்ணை மூடினார். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அவர் 'சரியில்லை' என்று சொல்லாத கேன் என் குழாயில் திரிகிறதே என்று ஒரு நெருடல். ஆனால் கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும் அல்லவா? எழுதினேன். நாடா கட்டினேன்.

மூன்றாம் நாள் சண்முகத்தாய் நேரில் வந்துவிட்டாள். பனவடலிசத்திரத்தில் எங்கள் கம்பெனிக்குப் பால் சேகரிக்கிற ஏஜெண்ட் அவள்தான். நாற்பது வீட்டுப் பாலை அளந்து கேனில் ஊற்றுவாள், அவள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவார். அன்றைக்கு கேன்களுக்கு நடுவே அவளும் உட்கார்ந்து வந்தாள்.

"டெஸ்ட்டு அக்கா, எங்க ஊருப் பாலு ஆறு மணிக்கு இனிச்சுது. எட்டு மணிக்குள்ள எப்படிப் புளிச்சுது? எனக்குக் காட்டுங்க, பாப்போம்."

அவள் கண்முன்னே குலுக்கிக் காட்டினேன். கண்ணாடி முழுக்கக் குருணை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சாராயம் உள்ள போனா எங்க வீட்டுக்காரரே திரிஞ்சு போறாரு. பாலு திரியாதா?"

வண்டியில் இருந்த அவள் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். எல்லோரும் சிரித்தோம். அவள் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "சரிக்கா. கண்ணால பாத்தாச்சு. எவளோ ஒருத்தி பாலுதான் கேனைக் கெடுக்கு. யாருன்னு நான் கண்டுபிடிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் சோதிப்பது கேனை. ஒரு கேனில் பத்து வீட்டுப் பால் இருக்கும். யார் பாலால் கெட்டது என்று எங்களுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

மறுநாள் எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. திரிந்ததாக எழுதிய ஒரு கேனிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொதிக்க வைத்தேன். திரியவில்லை. இன்னொரு கேன். திரியவில்லை. ஆல்கஹால் பாட்டிலைத் திறந்து மோந்தேன். வழக்கத்தை விட மூக்கில் ஏறியது. நீள உருளையில் ஆல்கஹாலை ஊற்றி, அளவு பார்க்கிற மிதவையை அதில் மிதக்க விட்டேன். எண்பதில் நின்றது.

சாராயத்தின் வீரியம் கூடினால் நல்ல பாலும் தாங்காது. காலையில் கறந்து, ஒரு மணி நேரம் வண்டியில் குலுங்கி வந்த, கெடாத பாலும் குருணை கட்டும். படிக்கிற காலத்தில் நான் மனப்பாடம் செய்த பாடம்தான் அது.

அந்த மிதவையைக் கழுவித் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. தெரிந்த பிறகும் ஆறு நாள் நான் அதே பாட்டிலைத்தான் பயன்படுத்தினேன்; நடுவில் வந்த திங்கட்கிழமையும் சார்தான் அதைக் கலந்து நிரப்பினார். வீட்டில் ஒரு சம்பளம்தான். மேனேஜரே செய்கிறார் என்றால் மேலே இருந்து வந்த உத்தரவாகத்தான் இருக்கும். நான் கேட்டு என்ன ஆகப்போகிறது? குழாயில் தெரிவதைத்தானே எழுதுகிறேன்? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு நாடா கட்டினேன். சிவப்பு நாடா தீர்ந்துபோய், தறி ஓட்டுகிற என் வீட்டுக்காரரிடம் சிவப்பு நூல் வாங்கிக்கொண்டு போன நாளும் உண்டு.

எனக்குத் தெரிந்ததிலிருந்து ஏழாம் நாள் சண்முகத்தாய் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பு இல்லை. பால் இறக்குகிற மேடை முன்னால் ஏழெட்டு வண்டி நின்றது. அவளுடைய கேனைக் கலக்கி, குழாயில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். குருணை.

"இன்னைக்கும் திரிஞ்சுட்டோ?"

"ஆமா."

அவள் மேடையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு நீங்க காட்டுனதும் ஊருல போயி விசாரிச்சேன். போன வருசம் பேச்சியம்மா மாட்டுக்குத்தான் மடிநோய் வந்துது. அவதான் கேனைக் கெடுக்கான்னு எல்லாரும் சொன்னாவ. அவ ஒத்த மாட்டுக்காரி, காட்டு வேலைக்குப் போறவ. அவளுக்குன்னு பேச ஆளு கிடையாது. நானும் அவ பாலை வாங்க மாட்டேன்னுட்டேன். ரெண்டு நாள் சொம்பைத் தூக்கிட்டு வந்து வந்து நின்னா. 'எம் மாட்டுக்கு நோய் இல்ல தாயீ, டாக்டரக் கூப்பிட்டுக் காட்டுதேன்'னா. நான் மோந்து பாக்கக்கூட இல்ல. வாங்க ஆளில்லாத பாலை வச்சுகிட்டு அவ என்ன செய்வா? முந்தாநாள் மலையாளத்து வியாபாரி வந்து மாட்டை ஓட்டிட்டுப் போயிட்டான்."

நான் குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"அவ பாலு கேனுல விழுந்து ஒரு வாரமாச்சு. இன்னும் திரியுது. இப்ப நான் யாரை நிறுத்த? நீங்களே சொல்லுங்கக்கா. அடுத்து எவ வீட்டு மாட்டை நான் நிறுத்த?"

அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்னிடம் ஒரு பெயரை எதிர்பார்த்தாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

பர்னரைப் பற்ற வைத்தேன். அதே கேனிலிருந்து இன்னொரு குழாயில் பால் எடுத்து, அவள் முன்னால் கொதிக்க வைத்தேன். பொங்கி நுரைத்து அடங்கியது. சாய்த்துக் காட்டினேன். கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை. கரண்டியில் கொஞ்சம் பாலை எடுத்து நானும் குடித்து, அவளுக்கும் கொடுத்தேன்.

"சண்முகத்தாய், இது நல்ல பால். ஒரு வாரமா வந்ததும் நல்ல பால்தான். பேச்சியம்மா பாலும் நல்ல பாலாத்தான் இருந்திருக்கும். எங்க பாட்டில்ல சாராயம் கூடுதலா இருக்கு. எங்களுக்குப் பால் வேண்டாம். வேண்டாம்னு சொல்ல முடியாம, கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டோம்."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எல்லா வண்டிக்காரர்களும் கேட்டுவிட்டார்கள். கேன் கழுவுகிறவர் தண்ணீர்க் குழாயைத் திருகி நிறுத்தினார். ஆளாளுக்குக் கூட்டம் போட்டுக் கத்தப் போகிறார்கள் என்று பயந்தேன். யாரும் கத்தவில்லை. சண்முகத்தாய் மட்டும், "மாடு போயிட்டேக்கா" என்றாள். அதற்குள் வாசலில் நிழல் தெரிந்தது. குற்றாலிங்கம் சார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"எஸ்தரம்மா, கேனையெல்லாம் இறக்கச் சொல்லிட்டு என் ரூமுக்கு வாங்க."

அன்றைக்கு வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சார் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஆறு நாளாத் தெரியும் சார்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

ஒன்பது வருஷத்தில் அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அவர் கோபப்படவில்லை.

"பாதிப் பாலைக் குறைக்கணும்னு மேலேருந்து போன்ல சொல்லிட்டாங்க. வேண்டாம்னு எழுத்துல சொல்லக் கூடாதாம். அப்படிச் சொன்னா கோடையில பால் இல்லாத நேரத்துல இவங்க நம்மகிட்ட வர மாட்டாங்களாம். தரம் சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டா, தப்பு அவங்க மேலன்னு சும்மா இருந்துருவாங்களாம். நல்ல பாலைக் கெட்டதுன்னு எழுதுங்கன்னு உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்கன்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்? அதான் பாட்டில்ல நான் கலந்தேன். பொய் என்னோட போகட்டும், நீங்க எழுதுறது நெசமா இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். எனக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்திருந்தார். அந்த நிமிஷத்தில் அவர் மேல் எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"சார், அந்த ஊருல ஒருத்தி மாட்டை வித்துட்டா. அவ பாலாலதான் கேன் கெட்டுதுன்னு நினைச்சு ஊரே ஒதுக்கிட்டுது. அவளுக்குப் பவுடரும் தெரியாது, நீங்க கலந்ததும் தெரியாது."

அவர் முகம் மாறிவிட்டது. வண்டிகள் நின்ற பக்கம் பார்த்து, "மடியில நோய் இருந்தா எனக்கு மூடியிலேயே தெரிஞ்சிருக்கும். இல்லன்னு தெரியும்" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு எழுந்துபோய் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். 'பாலின் தரத்தில் குறை இல்லை. பவுடர் விற்பனை இல்லாததால், மறு அறிவிப்பு வரை ஒவ்வொரு ரூட்டும் வாரத்தில் இரண்டு நாள் பால் அனுப்ப வேண்டாம். கடந்த நாட்களில் திருப்பி அனுப்பிய பாலும் நல்ல பாலே.' கீழே பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேடையில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டச் சொன்னார்.

அவரைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு மாதத்துக்குள் அவரை வடக்கே எங்கேயோ ஒரு சின்ன சென்டருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'சோதனை அலுவலர் என் உத்தரவின்படியே நடந்துகொண்டார்' என்று அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததால் அது அத்தோடு நின்றது. போகிற அன்றைக்குக் காலையிலும் நாற்பது மூடியை மோந்து, நாற்பது தடவை கண்ணை மூடிவிட்டுத்தான் போனார்.

அந்த அறிவிப்பு யாரையும் காப்பாற்றிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் பாலுக்கு ஆள் இல்லை என்பது அப்படியேதான் இருந்தது. ஆனால் எந்த நாள் என்று முன்னாலேயே தெரிந்ததால் சிலர் உறை ஊற்றினார்கள். சிலர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளைப் பிடித்தார்கள். சிலர் கன்றுக்குட்டியை வயிறு முட்டக் குடிக்க விட்டார்கள். குருவிகுளம் பக்கத்தில் மாட்டை விற்றுவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் நிறைய. அவர்களில் பாதிப் பேர் திரும்பி மாடு வாங்கவே இல்லை. பிற்பாடு பவுடருக்கு வரியைக் கூட்டினார்கள் என்று பேப்பரில் படித்தேன். அதற்குள் போன மாடு போனதுதான். கோடையில் கம்பெனி ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பால் கேட்டது. பனவடலிசத்திரத்துக்குப் போனவரிடம் சண்முகத்தாய், "எங்க ஊருப் பாலு புளிச்ச பாலுல்லா, உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டு, ஒரு மணி நேரம் நிற்க வைத்த பிறகே பாதியைக் கொடுத்தாளாம். மீதிப் பாதி டீக்கடைக்கு.

பேச்சியம்மாள் வீட்டுக்கு நான் போனது, அறிவிப்பு ஒட்டிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. கோவிலில் ஆராதனை முடிந்ததும் நேரே பஸ் ஏறினேன். சண்முகத்தாய் நிறுத்தத்தில் காத்திருந்தாள்.

பேச்சியம்மாள் வீட்டு வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லியான மனுஷி, என் வயதுதான் இருக்கும். சண்முகத்தாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது.

"இவியதான் பால் டெஸ்ட் பண்ணுத அக்கா" என்றாள் சண்முகத்தாய்.

பேச்சியம்மாள் கையிலிருந்த உளுந்தைச் சுளகில் போட்டுவிட்டு எழுந்தாள். பாய் விரித்தாள். உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

"பாலில்லாத காப்பிதான். குடிங்க."

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வீட்டில் இல்லை, அதனால் சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலில் வந்த பவுடர், குடோனில் தேங்கிய மூட்டை, பாட்டிலில் கூடிய சாராயம், தெரிந்த பிறகும் ஆறு நாள் நான் வாயைத் திறக்காமல் இருந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். சண்முகத்தாய் அழுதாள்.

"நான் மோந்தாவது பாத்திருக்கணும் மதினி. பாக்காம விட்டுட்டேன்" என்றாள்.

பேச்சியம்மாள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப எம் மாட்டுக்கு நோய் இல்ல."

"இல்ல."

"அந்த வியாபாரியும் நோய் மாடுன்னு சொல்லித்தான் ஓட்டிட்டுப் போனான். ஊரு சொல்லுதேன்னு நானும் நம்பிட்டேன். ராத்திரியெல்லாம் மடியத் தடவித் தடவிப் பாத்தேன். சூடு இல்ல, வீக்கம் இல்ல. நமக்குத்தான் தெரியல போலன்னு நெனச்சேன்." பாயில் கிடந்த ஒரு உளுந்தைப் பொறுக்கிச் சுளகில் போட்டாள். "மாட்டைத் திருப்பி வாங்க முடியுமாக்கா?"

விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தோம். மாடு புளியரை செக்போஸ்ட் தாண்டிக் கேரளாவுக்குப் போய்விட்டது, யாரிடம் இருக்கிறது என்று வியாபாரிக்கே தெரியவில்லை. முடியாது என்று சொன்னேன். வேறு மாடு வாங்க என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றும் சொன்னேன். அவள் கையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"மாடு கிடக்கட்டும். நீங்க இத எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா எப்படி? எனக்குத் தெரிஞ்சா போதுமா, ஊருக்குத் தெரிய வேண்டாமா? சாயங்காலம் பால் ஊத்த எல்லாரும் வருவாவ. அங்கன வந்து சொல்லுங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால் கூடத்துக்கு முன்னால் நாற்பது வீட்டு ஆட்களும் சொம்பும் தூக்குமாக வரிசையில் நின்றார்கள். பேச்சியம்மாள் கையை வீசிக்கொண்டு வந்து, வரிசையில் சேராமல் ஒரு ஓரமாக நின்றாள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் தராசு வைக்கிற திட்டின் மேல் ஏறினேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"பேச்சியம்மா மாட்டுப் பால் நல்ல பால். அவங்க பாலால ஒரு கேன்கூடக் கெடல. உங்க யார் பாலாலயும் கெடல. பொய் சொன்னது நாங்க. அதை எழுதுனது நான்."

முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், "நாங்க என்னத்தக் கண்டோம், நீங்க நாடா கட்டி அனுப்புனிய, நாங்க நம்புனோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தலையை ஆட்டினேன். ஒரு பெண் பேச்சியம்மாளைப் பார்த்து, "ஏட்டி, மனசுல வச்சுக்கிடாத" என்றாள்.

பேச்சியம்மாள் வரிசையை ஒரு தலையிலிருந்து மறு தலை வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"கடைசியில நிக்கவங்களுக்குக் கேட்டுதா?" என்று கேட்டாள்.

முன்னால் நின்றவர்கள் சொம்பைக் கை மாற்றிக்கொண்டார்கள்.

"கேட்டுதான்னு கேக்கேன்."

"கேட்டுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் இன்னொன்று.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காய்ந்த உளுந்தை அள்ள வீட்டுக்கு நடந்தாள்.